பழைய ஆபீஸ் கட்டடத்தில் ஒரு பெட்ரூம் கான்டோ: லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில் வாங்குபவர்களுக்கு

லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில் ஸ்பிரிங் தெரு, பிராட்வே, மெயின் தெரு பக்கம் நடந்தால் பழைய கட்டடங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதுபோல் தெரியும். 1950களின் நடுப்பகுதி வரை 150 அடிக்கு மேல் கட்ட நகரம் பொதுவாக அனுமதிக்கவில்லை. அதனால்தான் உயரமானவையும் பன்னிரண்டு, பதின்மூன்று மாடியோடு நிற்கின்றன. ஆபீஸ்கள் மேற்கே புதிய கோபுரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் மேல்மாடிகள் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன. 1999இல் நகரம் கொண்டுவந்த மறுபயன்பாட்டுச் சட்டம் அவற்றை வீடுகளாக்க வழி திறந்தது. 1910இல் கட்டிய ஹிக்கின்ஸ் கட்டடமும், 1930இல் கிளாட் பீல்மன் வடிவமைத்த நீலப்பச்சை ஈஸ்டர்ன் கொலம்பியாவும் அப்படி மாறியவை. ஈஸ்டர்ன் கொலம்பியாவில் மட்டும் 147 கான்டோக்கள், அதாவது தனித்தனியாகச் சொந்தமாக்கிக்கொள்ளும் அடுக்குமாடி வீடுகள். ஆனால் மாற்றிய கட்டடம் எல்லாமே விற்பனைக்கு என்று நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் வாடகைக்கு மட்டும்தான். தேடும்போதே ‘கான்டோ’ என்று பதிவான கட்டடங்களை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டடங்களுக்கு இரண்டு வயது உண்டு. விளம்பரம் பேசுவது 1910, 1930 என்ற முதல் வயதை. உங்கள் பணத்தைத் தின்னப்போவது இரண்டாவது வயது, அதாவது வீடாக மாற்றிய ஆண்டு. எஃகு அல்லது காங்கிரீட் சட்டகமும் தடித்த தளமும் இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கும். மாற்றும்போது போட்ட குழாய், குளிரூட்டும் கோபுரம், பாய்லர், தீ எச்சரிக்கைப் பலகை, கூரைப் பூச்சு, லிஃப்ட் மோட்டார் எல்லாம் ஒரே ஆண்டில் வந்தவை. ஆகவே ஒரே சமயத்தில் கிழடு தட்டும். 2005, 2006இல் மாற்றிய கட்டடத்துக்கு அந்த நேரம் இப்போதுதான். பார்க்க வேண்டியது எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

வீட்டைப் பார்ப்பதற்கு முன் கடன்

தனி வீடு என்றால் வங்கி உங்களை மட்டும் எடை போடும். கான்டோவில் கட்டடத்தையும் சேர்த்து எடை போடும். 2021இல் மயாமி அருகே சர்ஃப்சைடில் குடியிருப்பு இடிந்து 98 பேர் இறந்த பிறகு இந்தச் சோதனை இன்னும் இறுகிவிட்டது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி பொதுவாகப் பார்ப்பவை: அசோசியேஷன் (கட்டட உரிமையாளர் சங்கம்) பட்ஜெட்டில் குறைந்தது 10 சதவீதமாவது பெரிய பழுதுகளுக்கான ரிசர்வ் நிதிக்குப் போக வேண்டும், 60 நாளுக்கு மேல் கட்டணம் பாக்கி வைத்தவர்கள் 15 சதவீத யூனிட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, கடை, ஆபீஸ் போன்ற வணிகப் பரப்பு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பெரிய கட்டடத்தில் ஒரே ஆள் 20 சதவீத யூனிட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கட்டடப் பாதுகாப்பு பற்றி வழக்கு ஓடினால் அதுவே கடனைத் தடுக்கும். இந்த எண்கள் அவ்வப்போது மாறும். அன்றைய நிலவரத்தைக் கடன் கொடுக்கும் லெண்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கட்டடங்கள் தடுக்கி விழும் இடம் வணிகப் பரப்பு. தரைத்தளம், அதற்கு மேலுள்ள இடைத்தளம், அடித்தளம் மூன்றும் உணவகத்துக்கும் பாருக்கும் போயிருக்கும். ஹிக்கின்ஸின் அடித்தளத்தில் இருந்த பழைய மின் நிலைய அறையையே பார் ஆக்கினார்கள். பார்க்க அழகுதான், ஆனால் சதுர அடிக் கணக்கில் அதுவும் சேரும். கட்டடம் விதிக்குள் வராவிட்டால் கடன் கிடைக்கவே கிடைக்காது என்பதில்லை. கொடுக்கும் வங்கிகள் சில, வட்டி கூடுதல், முன்பணமும் கூடுதல். நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருபவருக்கும் இதே தலைவலி, அது உங்கள் விலையைக் கடிக்கும். அதனால் ஆஃபர் போடுவதற்கு முன்பே, இந்தக் கட்டடத்தில் கடந்த ஓராண்டில் சாதாரணக் கடன் கொடுத்தீர்களா என்று இரண்டு லெண்டரிடம் கட்டடப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு போன் காலில் முடிகிற வேலை.

மாதக் கணக்கைப் போடும்போது அசோசியேஷன் கட்டணத்தை ஓரத்தில் வைக்காதீர்கள். உதாரணத்துக்கு 5,00,000 டாலர் வீடு, 20 சதவீதம் முன்பணம், 4,00,000 கடன், 30 ஆண்டு, 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் தவணை சுமார் 2,528 டாலர். அதே வட்டியில் அசோசியேஷன் கட்டணம் 100 டாலர் கூடினால் அது ஏறத்தாழ 15,800 டாலர் கூடுதல் கடன் வாங்கியதற்குச் சமம். 20,000 டாலர் மலிவாகக் கிடைக்கும் யூனிட்டுக்குக் கட்டணம் 150 டாலர் கூடுதல் என்றால் அது மலிவே இல்லை. கட்டணத்தில் எது அடங்கும் என்றும் கேளுங்கள். தண்ணீரும் குப்பையும் வழக்கமாக அடங்கும், மின்சாரம் தனி மீட்டர். சுடுநீர் பொது பாய்லரிலிருந்து வருகிறதா, வீட்டுக்குள் தனி ஹீட்டரா என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்.

வீட்டுக்குள்

இப்போது ஏஜென்டோடு வீடு பார்க்கப் போவதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் அது மூன்று மாதத்துக்கு மேல் ஓடக் கூடாது. ஏஜென்ட் கமிஷன் எவ்வளவு, விற்பவர் தராவிட்டால் யார் தருவது என்பதை அந்தத் தாளிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்ரூம். ஆபீஸ் தளம் ஆழமானது, ஜன்னல் வெளிச்சுவரில் மட்டும். அதனால் ‘ஒரு பெட்ரூம்’ என்று விற்கப்படும் பல வீடுகளில் பெட்ரூம் உள்பக்கம் இருக்கும். சுவர் கூரையைத் தொடாது, அல்லது கண்ணாடிக் கதவுதான் சுவர். தூங்கலாம். ஆனால் பதிவில் அது பெட்ரூமா, தனி அறை இல்லாத திறந்த லாஃப்டா என்பதை கான்டோ வரைபடத்திலும் நகரக் கட்டடத் துறைப் பதிவிலும் பாருங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் அதை லாஃப்டாகக் கணக்கிட்டால் நீங்கள் பெட்ரூமுக்குக் கொடுத்த விலை நிற்காது. முந்தைய உரிமையாளர் பெர்மிட் இல்லாமல் சுவரைக் கூரைவரை ஏற்றியிருந்தால் உள்ளே தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் தலை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அதைச் சரிசெய்வது உங்கள் தலையில் விழும்.

ஜன்னல் எங்கே பார்க்கிறது? மின்விளக்கு அரிதாக இருந்த காலத்தில் வெளிச்சத்துக்காக இந்தக் கட்டடங்களை ‘யூ’ அல்லது ‘ஈ’ வடிவில் நடுவில் முற்றக் கிணறு விட்டுக் கட்டினார்கள். அந்தக் கிணற்றைப் பார்க்கும் வீடு அமைதி, ஆனால் கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு வேண்டும். தெருவைப் பார்க்கும் வீடு பிரகாசம், ஆனால் பஸ், பார், அதோடு சினிமா ஷூட்டிங். டவுன்டவுன் தெருக்களில் இரவுப் படப்பிடிப்பு அன்றாடச் சங்கதி, கிரேனில் ஏற்றிய விளக்கு நேராகப் படுக்கையில் விழும். வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றுக்கு ஒரு முறை போய் நில்லுங்கள். ஜன்னலை மாற்றி இரட்டைக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம். பாரம்பரியச் சின்னமான கட்டடத்தின் முகப்பு உங்களுடையது அல்ல, பாரம்பரிய ஆணையத்தின் பார்வையில் இருப்பது. உட்பக்கமாகக் கூடுதல் கண்ணாடி பொருத்த அசோசியேஷன் விடுகிறதா என்று மட்டும் கேட்கலாம்.

அடுத்தது அடுக்களை. நம் சமையலுக்கு இது பெரிய விஷயம். முகப்பில் ஓட்டை போட முடியாததால் பல யூனிட்களில் அடுப்புக்கு மேலுள்ள ஹூட் வெளியே காற்றைத் தள்ளாது, வடிகட்டி வழியாக அதே அறைக்குள் திருப்பி விடும். ஹூடைப் போட்டு உள்ளங்கையை அதன் மேல்விளிம்பில் வையுங்கள். காற்று முகத்தில் அடித்தால் அதுதான். தாளித்த வாசனை திறந்த ஹாலில் இரண்டு நாள் நிற்கும், வறுத்தால் புகை எச்சரிக்கை அலறும். துணி உலர்த்தியும் அதே கதை. வெளிக்குழாய் இல்லாத வகையாக இருக்கும், உலர இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். உலர்த்திக்குப் பின்னால் நான்கு அங்குல உலோகக் குழாய் போகிறதா என்று எட்டிப் பாருங்கள்.

பின்பு ஏசி அலமாரியைத் திறங்கள். இத்தகைய கட்டடங்களில் பரவலாக இருப்பது நீரில் இயங்கும் ஹீட் பம்ப். மாடியிலுள்ள குளிரூட்டும் கோபுரத்திலிருந்து பொதுக் குழாயில் தண்ணீர் வந்து ஒவ்வொரு வீட்டிலும் உள்ள இயந்திரத்தின் வழியாகப் போகும். கோபுரமும் பொதுக் குழாயும் அசோசியேஷன் பொறுப்பு, வீட்டுக்குள் உள்ள இயந்திரம் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. அதன் ஆயுள் சுமார் 15 முதல் 20 ஆண்டு. பக்கவாட்டில் ஒட்டிய தகட்டில் தயாரிப்பு ஆண்டு இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள வடிதட்டில் துரு, வெள்ளைப் படிவு, தேங்கிய தண்ணீர் இருக்கிறதா? பொதுக் குழாயோடு இணைக்கும் பின்னல் ஹோஸ் வீங்கியிருக்கிறதா? அந்த ஹோஸ் வெடித்தால் நனைவது உங்கள் வீடு மட்டுமல்ல, கீழே நான்கு மாடி. இயந்திரம் முதல்நாள் போட்டதாகவே இருந்தால் மாற்றும் செலவுக்கு ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பு வாங்கி, விலையில் கழிக்கக் கேளுங்கள். நியாயமான பேரம் இது.

இன்ஸ்பெக்டர் வரும்போது ஷவர், சிங்க், ஃபிளஷ் மூன்றையும் ஒன்றாக ஓட்டச் சொல்லுங்கள். சுடுநீர் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பாருங்கள். பொது பாய்லரில் சுழற்சிப் பம்ப் கோளாறாக இருந்தால் இங்கே தெரியும். கூரையில் வெறுமனே ஓடும் கழிவுக் குழாய் அழகுக்கு விட்டதுதான், ஆனால் மேல்வீட்டுக்காரர் குளிப்பது கேட்கும்.

பார்க்கிங் வீட்டை விட்டுத் தனியாகப் பார்க்க வேண்டியது. மறுபயன்பாட்டுச் சட்டம் புதிய பார்க்கிங் கட்டச் சொல்லவில்லை, அதனால் பல கட்டடங்களுக்குச் சொந்த இடமே கிடையாது. ‘ஒரு பார்க்கிங் உண்டு’ என்று விளம்பரத்தில் இருந்தால் மூன்றில் எது என்று கேளுங்கள்: பத்திரத்தில் பதிவானதா, உங்களுக்கு மட்டும் ஒதுக்கிய பொதுப் பகுதியா, பக்கத்துக் கட்டடத்தில் அசோசியேஷன் எடுத்த குத்தகையா? கடைசி வகை என்றால் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்பதே விலை. பக்கத்து நிலத்தில் கோபுரம் எழும்பினால் கார் தெருவில் நிற்கும்.

பரப்பளவும் ஏமாற்றும். டெவலப்பர் விளம்பரத் தாளில் இருந்த எண் ஒன்று, கான்டோ வரைபடத்தில் சுவருக்குள் அளந்த எண் இன்னொன்று. தடித்த தூண்கள் வீட்டுக்குள்ளேயே நிற்கும். கட்டிலையும் சோபாவையும் அளந்து தரையில் டேப் ஒட்டிப் பார்ப்பது நல்லது. சென்னையில் வாங்குவோர் முதலில் கேட்கும் யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) இங்கே பேரத்துக்கு உதவாது. பொதுப் பகுதியில் பங்கு உண்டு என்றாலும் விலை அதைச் சார்ந்து நிற்பதில்லை.

கட்டுக்கட்டாகத் தாள்கள்

ஆஃபர் ஏற்கப்பட்டதும் விற்பவர் அசோசியேஷன் ஆவணங்களைத் தர வேண்டும் என்று கலிஃபோர்னியச் சிவில் சட்டம் 4525ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டுப் பத்து நாளுக்குள் அசோசியேஷன் கொடுத்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம் வரும். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு படிக்க முடியாது. முதலில் ரிசர்வ் ஸ்டடி, அடுத்து கடைசி 12 மாதக் கூட்டக் குறிப்புகள், பின் இன்ஷூரன்ஸ் சுருக்கம். மற்றது பிறகு. கூட்டக் குறிப்பு தானாக வராது, கேட்டால்தான் தருவார்கள்.

ரிசர்வ் ஸ்டடி என்பது பொதுப் பகுதியில் எது எப்போது கெடும், மாற்ற எவ்வளவு, கையில் எவ்வளவு என்ற பட்டியல். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நேரில் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அதில் ‘நிதி நிரம்பிய சதவீதம்’ என்று ஒரு எண் இருக்கும். 70க்கு மேல் என்றால் மூச்சு விடலாம், 30க்குக் கீழே என்றால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (உரிமையாளர்களிடம் திடீரென வசூலிக்கும் கூடுதல் தொகை) வாசலில் நிற்கிறது என்று பொருள். சதவீதத்தை விட முக்கியம் பட்டியல் முழுமையாக இருக்கிறதா என்பது. குளிரூட்டும் கோபுரம், பாய்லர், லிஃப்ட் நவீனமாக்கல், கூரை, முகப்பு டெரகோட்டா (சுட்ட களிமண் ஓடு) ஐந்தும் இருக்கின்றனவா? சதவீதத்தை அழகாகக் காட்ட முகப்பை அடியோடு விட்டுவிடும் ஸ்டடிகள் உண்டு.

முகப்பை நீங்களே பார்க்கலாம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று ஒரு பைனாகுலரில் மேல் விளிம்பை வருடுங்கள். மெருகிட்ட டெரகோட்டா ஓடுகளை உள்ளே இரும்புக் கொக்கிகள் பிடித்திருக்கும். இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் கொக்கி துருப்பிடித்து உப்பும், உப்பினால் ஓடு வெடிக்கும். நிறம் பொருந்தாத ஒட்டு, கம்பிக் கட்டு, வலை, கீழே நடைபாதைக்கு மேல் தற்காலிகக் கூரை, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அதைக் கூட்டக் குறிப்பில் தேடுங்கள். அதே மாதிரி ஓட்டை வார்த்துச் சூளையில் சுட்டுத் தருகிறவர்கள் நாட்டிலேயே சிலர்தான். செலவும் காத்திருப்பும் அதற்கேற்ப.

அசோசியேஷன் நிர்வாகக் குழு உறுப்பினர் வாக்கெடுப்பு இல்லாமல் மாதக் கட்டணத்தை ஆண்டுக்கு 20 சதவீதம் வரை ஏற்றலாம், பட்ஜெட்டில் 5 சதவீதம் வரை ஸ்பெஷல் அசெஸ்மென்ட் போடலாம். அவசரம் என்றால் இந்த வரம்பும் இல்லை. கடந்த ஐந்து ஆண்டுக் கட்டணத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஐந்து ஆண்டும் ஏறவே இல்லை என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. தள்ளிப்போட்ட பில் அது.

வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால்: கலிஃபோர்னியாவில் அசோசியேஷன் வாடகை யூனிட்களை 25 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்த முடியாது, 30 நாள் அல்லது அதற்குக் குறைந்த வாடகையைத் தடுக்கலாம். பெரும்பாலும் தடுப்பார்கள்.

மில்ஸ் சட்டம்

விளம்பரங்களில் ‘மில்ஸ் ஆக்ட்’ என்று பெரிய எழுத்தில் வரும். 1972இல் வந்த மாநிலச் சட்டம். பாரம்பரியக் கட்டடத்தைப் பராமரிப்பதாக உரிமையாளர் நகரத்தோடு ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி குறையும். கலிஃபோர்னியாவில் வீடு கைமாறினால் வாங்கிய விலையில் புதிதாக வரி மதிப்பிடுவது வழக்கம். மில்ஸ் ஒப்பந்தம் உள்ள வீட்டுக்கு, அது ஈட்டக்கூடிய வாடகையை வைத்து ஒரு சூத்திரத்தில் மதிப்புப் போட்டு, எது குறைவோ அதன் மேல் வரி. பாதிக்குப் பாதி குறைவது அபூர்வமல்ல. 5,00,000 டாலர் வீட்டுக்கு 1.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 6,000. பாதியானால் மாதம் 250 டாலர் மிச்சம்.

கவனிக்க வேண்டியவை சில. ஒப்பந்தம் இந்த யூனிட்டுக்குப் பதிவாகியிருக்கிறதா என்று டைட்டில் (சொத்துரிமை) அறிக்கையில் பாருங்கள், பொதுவாகச் சொல்லும் பேச்சை நம்பாதீர்கள். ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு, ஆண்டுதோறும் தானாக நீளும், வாங்குபவருக்கு மாறும். யாராவது ‘நீட்டிக்க வேண்டாம்’ என்று அறிவித்திருந்தால் மிச்ச ஆண்டுகளில் வரி படிப்படியாக ஏறி முழுதாகும். ஒப்பந்தத்தை மீறி நகரம் ரத்து செய்தால் அபராதம் சந்தை மதிப்பில் 12.5 சதவீதம். வாடகை நிலவரத்தோடும் வட்டியோடும் சூத்திரம் நகர்வதால் வரி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பில்லில் தனி வரிகளாக வரும் நேரடிக் கட்டணங்களும், அந்த வட்டார மேம்பாட்டுக்கான கட்டணமும் குறையாது. விற்பவரின் கடைசி வரி பில்லை வாங்கிப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

நிலநடுக்கம்

வீடாக மாற்றும்போது கட்டடத்தை வலுப்படுத்தியிருப்பார்கள். எந்த ஆண்டு, எந்த விதிப்படி என்பதை நகரக் கட்டடத் துறைப் பதிவில் பார்க்கலாம். 2015இல் நகரம் பழைய காங்கிரீட் கட்டடங்களை வலுப்படுத்தக் கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. உத்தரவு வந்ததிலிருந்து வேலையை முடிக்க 25 ஆண்டு அவகாசம். எஃகுச் சட்டகக் கட்டடமா காங்கிரீட் சட்டகமா, உத்தரவு வந்ததா, வந்திருந்தால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இந்த மூன்றையும் அசோசியேஷன் மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வழிப் பதில் வேண்டாம்.

கட்டடத்தின் பொதுப் பாலிசியில் நிலநடுக்கம் பெரும்பாலும் அடங்காது. அடங்கினாலும் இன்ஷூரன்ஸ் தருவதற்கு முன் நாமே ஏற்க வேண்டிய கழிவுத்தொகை கட்டட மதிப்பில் சதவீதக் கணக்கில் இருக்கும், அதை உரிமையாளர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். உங்கள் சொந்த எச்ஓ-6 (கான்டோ உரிமையாளர்) பாலிசியில், அப்படி உங்கள் மேல் விழும் பங்குக்கான ‘லாஸ் அசெஸ்மென்ட்’ என்ற பகுதி வழக்கமாக 1,000 டாலரில் நிற்கும், நிலநடுக்கத்துக்கு அதுவும் செல்லாது. கலிஃபோர்னிய நிலநடுக்க ஆணையத்தின் கான்டோ பாலிசியில் இதைத் தனியாக 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். வீட்டுப் பொருளுக்கு எடுக்காவிட்டாலும் இதை எடுங்கள்.

ஆஃபர் முதல் சாவி வரை

இங்கே வக்கீல் இல்லை, எஸ்க்ரோ கம்பெனிதான் நடுவில் பணத்தை வைத்திருக்கும். ஆஃபர் ஏற்கப்பட்டதும் வழக்கமாக 3 சதவீத முன்வைப்பு (டெபாசிட்). வழக்கமான மாநிலப் படிவத்தில் வீட்டைச் சோதிக்கவும் கடனை உறுதிப்படுத்தவும் 17 நாள். அசோசியேஷன் ஆவணம் தாமதமாக வந்தால் வந்த பிறகு 5 நாள் கிடைக்கும். அந்தக் காலத்துக்குள் பின்வாங்கினால் முன்வைப்பு திரும்பும். இப்படிப் பின்வாங்க இடம் தரும் நிபந்தனைகளை விலக்கிக் கையெழுத்திட்ட பிறகு பின்வாங்கினால் போய்விடும். போட்டி இருக்கிறது, ஆவண நிபந்தனையை இப்போதே விட்டுவிடுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த வகைக் கட்டடத்தில் மற்ற எல்லா நிபந்தனையையும் விட அதுவே உங்களைக் காக்கும். லெண்டர் கட்டடத்துக்கு அனுப்பும் கேள்வித்தாள் மெதுவாகத்தான் திரும்பும். முதல் நாளே அனுப்பச் சொல்லி நச்சரியுங்கள்.

கைமாற்று வரி ஆயிரம் டாலருக்கு நகரத்துக்கு 4.50, கவுன்ட்டிக்கு 1.10. வழக்கப்படி விற்பவர் கட்டுவார், ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். குடிபுக சரக்கு லிஃப்டை முன்கூட்டிப் பதிவு செய்து டெபாசிட் கட்டணும். பழைய லிஃப்ட் கூண்டு சிறியது, சோபாவின் நீளத்தை அளந்து பார்த்த பிறகு லாரியைச் சொல்லுங்கள்.

சொத்து வரியின் முதல் தவணை டிசம்பர் 10, இரண்டாவது ஏப்ரல் 10க்குள். மில்ஸ் ஒப்பந்தம் இல்லாத வீடு என்றால், வாங்கிய சில மாதங்களில் பழைய மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு துணை வரி பில் தபாலில் வரும். அது பொதுவாக வங்கியின் வரிக் கணக்கிலிருந்து போகாது. நீங்களே கட்ட வேண்டும்.